கூடைப்பிடி வாளும் அதன் மறுபடைப்பும்

பழைய படைக்கலங்களை மூலத்துக்கு ஒப்பாகக் கையாலேயே மீண்டும் செய்வது மேனாட்டுக் கம்மியர் சிலரின் இன்றைய தொழிலாகும். அவர்கள் விரும்பிச் செய்வனவற்றுள் ஸ்கொத்லாந்து மலைநாட்டாரின் கூடைப்பிடி வாளும் ஒன்று. பிடித்த கையை இரும்புச் சட்டங்கள் கூடைபோலச் சூழ்ந்து காப்பதால் அது அப்பெயர் பெற்றது. இம்மறுபடைப்பு எதனை மீட்கின்றது, எதனை மறைக்கின்றது என்பதே எம்முன் உள்ள வினா.

மூல வாளே மலைநாட்டுக் குலமரபின் தனித்த ஆக்கமன்று என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. 18ஆம் நூற்றாண்டின் சிறந்த பிடிகள் சிலவற்றை ஸ்டேர்லிங் நகரத்துக் கைவினைஞரான வால்ற்றர் அலன் செய்தார். அலகுகளோ பெரும்பாலும் ஜெர்மனியின் சோலிங்கன் முதலிய இடங்களிலிருந்து வந்தவை. ஆந்திரேயா பெராரா என்னும் இத்தாலியக் கொல்லனின் பெயரைச் சோலிங்கன் கொல்லர் தம் அலகுகளிற் பொறித்து விற்றனர். ஆகவே, போலச்செய்தல் இவ்வாளின் வரலாற்றில் முன்னரே கலந்திருந்தது.

1746 ஏப்பிரல் 16இல் கலொடன் களத்தில் மலைநாட்டுப் படை தோற்றது. களத்தில் அரசபடை சேகரித்தவையாகப் பதிவானவை 2,320 துப்பாக்கிகளும் 190 வாள்களுமே. வாளேந்திய வீரர் கூட்டம் என்ற கற்பனைச் சித்திரத்தை இவ்வெண்கள் ஐயுற வைக்கின்றன. அவ்வாண்டின் சட்டங்கள் படைக்கலத்தையும் மலைநாட்டு உடையையும் தடைசெய்தன. உடைத்தடை 1782இல் நீங்கியது.

ஆயுதத்தை இழந்த மக்கள் அடுத்து நிலத்தையும் இழந்தனர். 1814 முதல் 1820 வரை சதர்லாந்துச் சீமாட்டியின் நிலத்திலிருந்து ஏறத்தாழ 3,000 குடும்பங்களைச் சேர்ந்த 15,000 பேர் வெளியேற்றப்பட்டமையையும், 1825அளவில் அவர்களின் இடத்தை 131,000 செம்மறிகள் நிரப்பியிருந்தமையையும் மார்க்ஸ் ‘மூலதன’த்தில் எடுத்துக்காட்டுகின்றார். இதே காலப்பகுதியில், 1822இல், எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜோர்ஜ் மன்னர், வால்ற்றர் ஸ்கொற் வகுத்த விழாவில் மலைநாட்டு உடையணிந்து தோன்றினார். மக்கள் நீக்கப்பட்ட வேளையில் அவர்களின் சின்னங்கள் ஆளும் வர்க்கத்தின் அணிகலன்களாயின.

இன்றைய கம்மியரின் உழைப்பை இதனாற் புறக்கணித்தல் தவறாகும். சட்டங்களை வளைத்துப் பொருத்தல், தகடுகளில் இதயவடிவத் துளைகளை அரத்தால் அராவுதல், மரப்பிடியில் திருக்கைத் தோல் போர்த்துக் கம்பி சுற்றுதல் ஆகியன ஏட்டறிவால் மட்டும் கைவருவன அல்ல. அலகு நுனிநோக்கி மெலியும் நுட்பத்தை உணர்ந்தாலன்றி, ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையுடைய மூல வாளின் இலகுவை எட்ட முடியாது. அருங்காட்சியகப் பேழை உணர்த்தாத உழைப்பின் வரலாற்றை அவருடைய கை உணர்த்துகின்றது.

எனினும், வாளைச் செய்த கையை மீட்கலாம். அதனை ஏந்திய சமுதாயத்தை மீட்க முடியாது. சுவரில் தொங்கும் மறுபடைப்பு, வீரத்தை மட்டும் பேசி வெளியேற்றத்தைப் பேசாதுவிடின், அது 1822ஆம் ஆண்டு விழாவின் தொடர்ச்சியே. பொருளின் வடிவத்தோடு அதன் சமூக உறவுகளையும் மீட்டுரைப்பதே வரலாற்றாசிரியனின் கடன்.