குழாய் நீரும் குளிர்ப்பெட்டியும்

வீட்டு நீர்க்குழாயிலிருந்து சிறு கிளைக்குழாய் ஒன்று பிரிந்து குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைச் சென்றடைகின்றது. கால் அங்குல விட்டமே உடைய அக்குழாயினூடு செல்லும் நீர், எவர் கையும் படாமலே பனிக்கட்டியாகி விழுகின்றது. மிக எளிதாகத் தோன்றும் இவ்விணைப்புக்குப் பின்னே இரு வரலாறுகள் உள. ஒன்று குளிரின் வரலாறு. மற்றையது தூய நீரின் வரலாறு. அமெரிக்க நாட்டில் இவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனியே நடந்து, பிந்தியே ஒன்றுசேர்ந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பனிக்கட்டி என்பது செய்யப்படும் பொருளன்று. மாரிகாலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டி எடுக்கப்படும் பொருளாகும். பொஸ்டன் வணிகரான பிரடெரிக் ரியூடர் 1806-ஆம் ஆண்டில் அதனைக் கப்பலேற்றி மார்த்தினிக் தீவுக்கு அனுப்பியபோது ஊரார் நகைத்தனர். அவரோ தளர்ந்தாரல்லர். 1833-இல் அவரது பனிக்கட்டி நான்கு மாதக் கடற்பயணத்தின் பின் கல்கத்தாவை அடைந்தது. 1842-இற் சென்னைக் கடற்கரையில் அவரது வாணிகத்திற்கென எழுந்த கிடங்கே 'ஐஸ் ஹவுஸ்' ஆகும். 1897-இற் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்த அக்கட்டடம் இப்பொழுது விவேகானந்தர் இல்லம் என வழங்குகின்றது. அதே 1842-ஆம் ஆண்டிலேதான் குரோட்டன் ஆற்றுநீர் ஏறத்தாழ நாற்பது மைல் தூரம் கட்டுக்கால்வாய் வழியே வந்து நியூயோர்க் நகரை அடைந்தது. குளிரும் குழாயும் ஒரே காலத்திற் பரவினவாயினும் ஒன்றையொன்று அறியாதனவாகவே இருந்தன.

இயற்கைப் பனிக்கட்டியை நம்பியிராது பொறியாற் குளிரை ஆக்கும் முயற்சியும் இடையறாது நிகழ்ந்தது. ஆவியாகும் திரவத்தை மீண்டும் அமுக்கித் திரவமாக்கிச் சுழலவிடும் முறைக்கு, இலண்டனில் வாழ்ந்த அமெரிக்கரான ஜேக்கப் பேர்க்கின்ஸ் 1834-இற் காப்புரிமை பெற்றார். புளோரிடாவில் மருத்துவராயிருந்த ஜோன் கோரி, காய்ச்சலுற்றோரின் அறையைக் குளிரச் செய்ய விரும்பிப் பனிக்கட்டிப் பொறி ஒன்றை அமைத்து, 1851-இற் காப்புரிமை பெற்றார். எனினும் முதலிட முன்வருவாரின்றி 1855-இல் மறைந்தார்.

வீடுகளிலோ பல்லாண்டுக் காலம் மரப்பெட்டியே வழங்கிற்று. அதன் மேற்றட்டிற் பனிக்கட்டி வைக்கப்படும். உருகிய நீரைக் கீழேயுள்ள தட்டத்தில் ஏந்தி நாடோறும் ஊற்றிவிடல் வேண்டும். இத்தொல்லையை ஒழிக்கச் சிலர் பெட்டியிலிருந்து கழிநீர்க் குழாய்க்கு இணைப்புக் கொடுத்தனர். ஆகவே, குளிர்ப்பெட்டியொடு முதலிற் பொருத்தப்பட்டது நீரைக் கொணரும் குழாயன்று, நீரைப் போக்கும் குழாயே என்பது ஈண்டு நோக்கற்பாலது. சாக்கடையின் தீய காற்றும் அழுக்கும் அவ்வழியே உணவிருக்கும் இடத்தை அடையக்கூடும் என்று சுகாதார அறிஞர் அஞ்சினர். நேரிணைப்புக் கூடாது, இடையில் வெளி விடுதல் வேண்டும் என விதிகளும் எழுந்தன. குழாய் என்பது இருபுறமும் திறந்த வழி என்னும் பாடத்தை மக்கள் இவ்வாறே கற்றனர்.

அதனினும் பெரிய பாடம் ஒன்று பின்னர்க் கிடைத்தது. குளிர் அனைத்தையும் தூய்மையாக்கும் என்பது பொதுமக்களின் நம்பிக்கை. நியூயோர்க் மருத்துவ அறிஞரான மிச்செல் புருடன், நெருப்புக்காய்ச்சற் கிருமிகள் பனிக்கட்டியினுள் நூறு நாட்களுக்கு மேலும் உயிர்வாழ வல்லன என்பதை 1887-இற் காட்டினார். மாசுற்ற ஆற்றில் வெட்டிய கட்டி, பளிங்குபோல் தோன்றினும் மாசுற்றதே. எனவே நல்ல பனிக்கட்டி வேண்டுமாயின் முதலில் நல்ல நீர் வேண்டும். அந்நீரை வீடுதோறும் உறுதிசெய்யும் பணியில் 1908-ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். அவ்வாண்டு செப்டெம்பரில் மருத்துவர் ஜோன் லீல் ஜேர்சி நகரத்து நீருக்கு வெளிற்றுந்தூள் கரைசலை இடையறாது சேர்ப்பித்தார். அச்செயல் நீதிமன்ற விசாரணைக்கும் உள்ளாயிற்று. ஈற்றில் ஏற்கப்பட்டுப் பிற நகரங்களுக்கும் பரவிற்று.

1927-இல் ஜெனரல் இலெக்ரிக் நிறுவனம் வெளியிட்ட 'மொனிற்றர் ரொப்' மின்குளிர்ப்பெட்டி பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாகி, வீட்டு வாசலுக்குப் பனிக்கட்டி சுமந்து வந்தோரின் தொழிலை நலிவித்தது. ஆயினும் தட்டில் நீர் நிறைத்து வைப்பது மனிதர் கைவேலையாகவே இருந்தது. 1953-இற் சேர்வெல் நிறுவனம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் தானியங்கிப் பனிக்கட்டிப் பொறியை அமைத்தபோதே அக்குறை நீங்கிற்று. பிற்காலத்திற் பரவிய பொறிகளின் செயன்முறை நுட்பமானது. மின்காந்த வால்வு சில விநாடி திறந்து அச்சுக்குள் அளவான நீரை விடும். நீர் உறைந்ததும் அச்சுச் சற்றே சூடாக்கப்படும்; கட்டிகள் பிரிய, சுழலும் கரம் அவற்றைக் கொள்கலத்தில் தள்ளும். கொள்கலம் நிறைந்தால் நெம்புகோல் உயர்ந்து வேலையை நிறுத்தும்.

பொறி நுட்பமாயிற்று, இணைப்போ பலவிடத்துக் கவனமின்றிச் செய்யப்பட்டது. ஊசியாற் குழாயைத் துளைத்துப் பற்றிக்கொள்ளும் மலிவான வால்வு, அடைபடுதற்கும் ஒழுகுதற்கும் இடமளித்தமையால் இன்று பல இடங்களிற் குழாய்வேலை விதிகளால் விலக்கப்பட்டுள்ளது. குடிநீர்க் குழாய்களில் ஈயப் பற்றாசு அமெரிக்கச் சட்டத்தால் 1986-இல் தடுக்கப்பட்டது. பழைய ஈயக் குழாய்களோ நிலத்தினுள் எஞ்சின. 2014-இல் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரம் தன் நீர்மூலத்தை மாற்றி, அரிப்பைத் தடுக்கும் பொருளைச் சேர்க்காது விட்டபோது, அக்குழாய்களின் ஈயம் கரைந்து மக்கள் பருகும் நீரிற் கலந்தது. அத்தகைய நீர் குளிர்ப்பெட்டியுட் புகுந்து உறைந்தாலும் ஈயம் அகலாது.

நீரைக் கொதிக்கவைத்தே பருகுமாறு அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் அறிவிக்கும் காலங்களில், தானியங்கிப் பொறியில் இருக்கும் பனிக்கட்டியையும் வீசிவிடுமாறு கூறுவதன் காரணம் இதனால் விளங்கும். 1887-இற் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. குளிர், நீரின் குற்றத்தை மறைக்கும், நீக்காது. சமையலறையில் விழும் சிறு கட்டியின் தூய்மை, பெட்டியின் விலையில் இல்லை. நகரத்தார் தம் நீர்நிலையையும் நிலத்தடிக் குழாயையும் பேணும் பொறுப்பிலேயே தங்கியுள்ளது.