கிஸ்தியும் கிட்டிக்கோலும்

எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "தப்பு செய்யாதவன் போலீஸைக் கண்டு ஏன்யா பயப்படணும்?" நீங்களும் கை தட்டிட்டீங்க. நான் தஞ்சாவூர்ச் சீமையில் நெல் விளைவிச்சவன் கதையைச் சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் தட்டுங்க.

1799-இல் தஞ்சை நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போச்சு. 1816-இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் வந்தது. அதன்படி போலீஸ் அதிகாரம் தாசில்தாரிடம் வந்து சேர்ந்தது. தாசில்தார் யாரு? கிஸ்தி வசூலிக்கிறவர்! பாக்கி கேட்கிறவரும் அவரே, பிடிச்சு உட்கார வைக்கிறவரும் அவரே. காவிரியில் தண்ணி வரலை, பயிர் கருகிப்போச்சுன்னு ஒரு குடியானவன் யார்கிட்டப் போய் அழுவான்? நண்பரே, அவன் செய்த தப்பு என்ன? வானம் பொய்த்தது அவன் தப்பா?

அவனை என்ன செய்தார்கள்? நான் தமிழ் வாத்தியார், சொல்லிலிருந்து வருகிறேன். கிட்டி என்றால் நம்ம பிள்ளைகளுக்குக் கிட்டிப்புள் ஞாபகம் வரும். அன்றைக்குக் கிட்டி என்பது இரண்டு கோல். நடுவிலே விரலை வைத்து நசுக்குவார்கள். இன்னொன்று அண்ணாந்தாள். பேரைக் கேட்டால் அண்ணாந்து பார்ப்பது மாதிரி இருக்கு. நடந்தது தலைகீழ்! கழுத்திலே ஒரு கயிறு, அதைக் கால் கட்டைவிரலுக்கு அடியிலே கொடுத்து இழுத்து, ஆளைக் குனிய வைத்துக் கட்டி, வெயிலிலே நிறுத்துவது. கயிறு எது தெரியுமா? சில சமயம் அவன் இடுப்புத் துணி. சில சமயம் வைக்கோல் பிரி. களத்து மேட்டிலே அவனே போரடித்த வைக்கோல் ஐயா அது!

நான் கற்பனை பண்ணிச் சொல்லவில்லை. 1852-இல் சென்னையில் சுதேசி சங்கம் கண்டவர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார். அவர் முயற்சியால் டான்பி சீமோர் என்ற பிரிட்டிஷ் எம்.பி. 1853-இல் இங்கே வந்து பார்த்தார். 1854 ஜூலையில் லண்டன் பார்லிமெண்டில் பேச்சு கிளம்பியது. சில பேர் அப்படி எதுவுமே இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். கடைசியில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர் கொண்ட சித்திரவதை விசாரணைக் கமிஷன் சென்னையில் உட்கார்ந்தது. மாகாணம் முழுவதிலுமிருந்து ஜனங்கள் வந்தார்கள். ரயில் கிடையாது, சென்னையில் முதல் பயணிகள் ரயில் ஓடினதே 1856-இல். தஞ்சாவூரிலிருந்து ஒருத்தன் போவதென்றால் ஏறக்குறைய இருநூறு மைல். அவ்வளவு தூரம் கடந்து வந்து, தனக்கு நேர்ந்த அவமானத்தை அந்நியன் முன்னாலே ஒருத்தன் சொல்றான்னா, வலி எப்படி இருந்திருக்கும்!

1855-இல் அறிக்கை வந்தது. சித்திரவதை உண்டு என்று ஒப்புக்கொண்டது. போலீஸைக் கண்டு சாதுக்கள்தான் பயப்படுகிறார்கள், திருடன் பயப்படவில்லை என்ற மட்டுக்கும் சொல்லிவிட்டது. ஆனால் பழியை முழுக்க சுதேசிச் சேவகர்கள் தலையிலே கட்டி, துரைமார்களை நைசாகக் கழற்றிவிட்டது. வரியை உயர்த்தி வைத்தவனுக்குப் பங்கே இல்லையாம்! இதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனாலும் பலன் இருந்தது. 1859-இல் போலீஸ் தனி இலாகா ஆச்சு. வசூல் ஒரு கை, லத்தி ஒரு கை. 1861-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் இரண்டு காரியம் செய்தது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. பிடித்தவரை, தனி உத்தரவு இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கவனியுங்கள், வெள்ளைக்காரனே தன் போலீஸை நம்பாமல் எழுதின சட்டம் இது! 24 மணி நேரக் கணக்கு 1950-இல் நம்ம அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவிலும் ஏறியது.

"அப்புறம் என்ன, எல்லாம் சரியாப் போச்சே" என்பார் நண்பர். 2020 ஜூன் மாதம், சாத்தான்குளம். ஊரடங்கில் கடை திறந்திருந்தார்கள் என்று அப்பாவையும் மகனையும் பிடித்தார்கள். 24 மணி நேரக் கெடு தாண்டவில்லை. மறுநாளே மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி, கோவில்பட்டி சிறைக்கு அனுப்பினார்கள். காகிதம் சுத்தம். ஆனால் மூன்று நான்கு நாளில் இரண்டு உயிரும் போச்சு.

1996 டிசம்பரில், டி.கே. பாசு வழக்கில், சுப்ரீம் கோர்ட் பதினொரு விதி சொன்னது. அதில் ஒன்று: கைது செய்கிறபோதே, நேரமும் தேதியும் போட்டு ஒரு குறிப்பு எழுத வேண்டும், அதிலே குடும்பத்தார் ஒருவரோ, அந்த வட்டாரத்து மரியாதைக்குரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தாய்மார்களே, ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி, "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்" என்று உங்க பிள்ளையைக் கூப்பிட்டால், அந்தத் தாளைக் கேளுங்க.