சிமி தீவு: வறண்ட நிலமும் கடல் வாழ்வும்

சிமி, கிரேக்க நாட்டின் டோடெக்கனீஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த சிறிய தீவு. பரப்பளவு சுமார் 58 சதுர கிலோமீட்டர். ரோட்ஸ் தீவுக்கு வடக்கே, துருக்கியின் தென்மேற்குக் கரையை ஒட்டி அமைந்துள்ளது. இன்று கோடை விடுமுறைத் தலமாக அறியப்படும் இத்தீவு, ஒரு காலத்தில் கடற்பஞ்சு வணிகத்தால் செழித்திருந்தது. நிலம் தராததைக் கடலில் தேடிய மக்களின் வரலாறே சிமியின் வரலாறு.

நிலமும் காலநிலையும்

தீவின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் மலை. உயரமான சிகரம் 600 மீட்டருக்குச் சற்று மேல். ஆறுகள் இல்லை. மத்தியதரைக் கடல் காலநிலை நிலவுவதால் மழை பெரும்பாலும் குளிர்காலத்திலேயே பெய்கிறது. அதிலும் ஒரு பகுதி பாறை வெடிப்புகள் வழியே இறங்கிவிடும். கோடை நீண்டது, வறண்டது. வேளாண்மைக்கு இடம் குறைவு. எனவே வீடுகளில் தொட்டி கட்டி மழைநீரைச் சேமித்தனர். மாறாக, கரையோரம் எங்கும் குடாக்கள் நிறைந்து, கப்பல்களுக்கு நல்ல ஒதுக்கிடம் தந்தன.

கடற்பஞ்சுக் காலம்

1522இல் ரோட்ஸ் உஸ்மானியர் வசமானபின் சிமியும் அவர்கள் ஆட்சிக்குள் வந்தது. ஆண்டுதோறும் திறை செலுத்தி, தன்னாட்சிச் சலுகைகளைத் தீவு பெற்றிருந்தது. கடற்பஞ்சு எடுப்போர் தட்டையான கல்லைப் பிடித்துக்கொண்டு, மூச்சடக்கி ஆழத்துக்கு இறங்கினர். 1860களில் செப்புத் தலைக்கவசத்துடன் கூடிய முக்குளிப்பு உடை வந்தது. நெடுநேரம் ஆழத்தில் வேலை செய்ய முடிந்ததால் வருவாய் பெருகியது. துறைமுகத்தைச் சூழ்ந்த செவ்வியல் பாணி வீடுகள் பல அக்காலத்தவை. ஆனால் விரைந்து மேலேறும்போது குருதியில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாக மாறும். இதனால் பலர் முடமாயினர், பலர் இறந்தனர்.

1900இல் புயலுக்கு ஒதுங்கிய சிமி முக்குளிப்போரே ஆன்டிகிதெரா தீவருகே பழங்காலக் கப்பலின் சிதைவைக் கண்டனர். புகழ்பெற்ற ஆன்டிகிதெரா பொறி அங்கிருந்தே கிடைத்தது. அங்கு நடந்த மீட்புப் பணியிலும் ஒருவர் உயிரிழந்தார்.

சரிவும் மாற்றமும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள்தொகை 20,000ஐத் தாண்டியிருந்தது. 1912இல் இத்தாலி தீவைக் கைப்பற்றியது. கடற்பஞ்சுத் தொழில் நலிந்தது. மக்கள் வெளிநாடுகளுக்குப் புறப்பட்டனர். டோடெக்கனீஸில் இருந்த செருமானியப் படைகளின் சரணடைவு 1945 மே 8 அன்று சிமியில்தான் கையெழுத்தானது. 1948இல் தீவுகள் முறைப்படி கிரேக்கத்துடன் இணைந்தன. இன்றைய மக்கள்தொகை சுமார் 2,600.

முக்குளிப்போர் கடலுக்குப் புறப்பட்ட அதே மழையற்ற கோடையில்தான் இப்போது பயணிகள் வந்திறங்குகின்றனர். பிழைப்பு மாறியது, தண்ணீர்த் தட்டுப்பாடு மாறவில்லை. ஆட்கள் பெருகும் மாதங்களில்தான் வானமும் வறண்டு கிடக்கிறது.