சந்தைக்கு வழி கேட்டவர்

ஹிஜ்ரத் என்ற சொல்லைக் கேட்டவுடன் தௌர் குகையும், பின்தொடர்ந்த பகைவரும், குபாவில் எதிர்கொண்டழைத்த மக்களுமே நம் நினைவில் எழுகின்றனர். ஊரைத் துறந்து வந்தவர்கள் மறுநாள் எதை உண்டனர், எத்தொழிலைச் செய்தனர் என்பதை நாம் அரிதாகவே எண்ணிப் பார்க்கிறோம். ஆயினும் ஒரு சமுதாயத்தின் அறம் சோதிக்கப்படுவது அங்கேதான்.

மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு. அதன் மக்கள் வணிகத்தால் வாழ்ந்தவர்கள். உழவை அவர்களுள் பலர் இழிவாகவும் கருதினர். பத்ருக் களத்தில் மடியும் வேளையிலும் அபூஜஹ்ல், தன்னைக் கொன்றவர் உழவராயிற்றே என்றுதான் வருந்தினான். மதீனாவோ பேரீச்சந் தோட்டங்களின் ஊர். கி.பி. 622-இல் அங்கு வந்து சேர்ந்த முஹாஜிர்களுக்கு அவ்வூரின் முதன்மைத் தொழில் தெரியாது. தெரிந்த தொழிலுக்கு வேண்டிய முதலோ பலருக்கு மக்காவிலேயே பறிபோயிற்று. புதிய ஊரின் காய்ச்சல் வேறு வாட்டியது. ஹஜ்ரத் அபூபக்ரும் பிலாலும் (ரலி) அதில் துன்புற்றனர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர் ஒருவருக்கு அன்ஸாரி ஒருவர் எனச் சகோதர உறவை ஏற்படுத்தினார்கள். அன்ஸார்கள் தம் பேரீச்ச மரங்களையே பங்கிட்டுத் தர முன்வந்தனர். நாயகம் (ஸல்) அதற்கு இசையவில்லை. தோட்டம் உரியவரிடமே இருக்க, உழைப்பின் வழியே விளைச்சலில் இரு சாராரும் பங்குபெறுவதென முடிவாயிற்று. அவ்வுழைப்பை ஏற்றவர் எவர் என்பதில் விரிவுரையாளர் இரு வகையாய்ப் பொருள் கொள்வர். எப்பொருள் கொள்ளினும், வந்தவர் இரவலராகவில்லை. இருந்தவர் தம் நிலத்தை இழக்கவுமில்லை.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர் ஸஃது இப்னு ரபீஃ (ரலி). அவர் தம் செல்வத்தில் பாதியைத் தருவதாகக் கூறினார். அப்துர் ரஹ்மான் அவருக்கு பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பனூ கைனுகாவின் சந்தைக்கு வழி காட்டப்பட்டது. அன்று மாலை அவர் சிறிது பாலாடைக்கட்டியும் நெய்யும் ஈட்டித் திரும்பினார். சில காலத்தில், ஒரு பேரீச்சங் கொட்டை எடைப் பொன்னை மஹராகக் கொடுத்து அன்ஸாரிப் பெண் ஒருவரை மணந்தார். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்தளிக்குமாறு நாயகம் (ஸல்) பணித்தார்கள்.

எல்லாரும் இவ்வாறு தழைத்தனர் என்று நாம் எண்ணிவிடலாகாது. வீடும் தொழிலுமற்ற ஏழைகள் பள்ளிவாசலின் திண்ணையில் தங்கினர். அவர்களே திண்ணைத் தோழர்கள். குர்ஆனை ஓதி வந்த அன்ஸாரி இளைஞர்கள் பகலில் விறகு சேர்த்து விற்று, அக்காசில் அவர்களுக்கு உணவு வாங்கினர்.

ஹிஜ்ரி 7-இல் கைபர் வெற்றிக்குப்பின் முஹாஜிர்களுக்கு வசதி வந்தது. கனியைத் துய்ப்பதற்காக அன்ஸார்கள் தந்திருந்த மரங்களை உடனே அவர்கள் திருப்பிக் கொடுத்தனர். உதவி, தேவை தீர்ந்த அன்றே முடிவுற்றது.

அதே வேளையில் வேறொரு கூட்டமும் வந்தது. அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்திருந்த ஜஃபர் (ரலி) முதலானோர் பல்லாண்டுகளுக்குப் பின் கப்பலேறித் திரும்பினர். போரில் கலந்துகொள்ளாத அவர்களுக்கும் கைபரில் பங்களிக்கப்பட்டது. ஆயினும் ஹஜ்ரத் உமர் (ரலி), ஜஃபரின் துணைவியார் அஸ்மா (ரலி) அவர்களிடம், ஹிஜ்ரத்தில் நாங்களே முந்தியவர்கள், ஆதலால் எங்களுக்கே உரிமை மிகுதி என்றார்கள். அந்த அம்மையார் சினமுற்றார். நீங்கள் நாயகத்தின் அருகிலிருந்து உணவும் அறிவும் பெற்றீர்கள். நாங்களோ அந்நிய மண்ணில் அல்லலுற்றோம் என்று மறுமொழி கூறி, வழக்கை நாயகத்திடமே கொண்டு சென்றார். உமருக்கும் அவர் தோழருக்கும் ஒரு ஹிஜ்ரத், கப்பலில் வந்தோர்க்கு இரண்டு என்பது அங்குக் கிடைத்த தீர்ப்பு. கப்பலில் வந்தவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து அதனை அஸ்மாவின் வாயால் கேட்டு மகிழ்ந்தனர்.

நம்மவர் வரலாற்றிலும் இதற்கு ஒப்பு உண்டு. 1963, 1964-ஆம் ஆண்டுகளில் பர்மிய அரசு வணிகத்தை அரசுடைமையாக்கியபோது, ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்கள் உள்ளிட்ட பல்லாயிரவர் வெறுங்கையுடன் தாயகம் திரும்பினர். சென்னைத் துறைமுகத்தருகே அவர்களுக்கென எழுந்த கடைவரிசையே பர்மா பஜார். அவர்களுக்கும் ஒரு சந்தை காட்டப்பட்டது.

இன்று வளைகுடாவிலிருந்து திரும்பும் நம் பிள்ளைகளை நாம் எவ்வாறு வரவேற்கிறோம்? எவ்வளவு கொண்டு வந்தாய் என்ற வினா வாசலிலேயே எழுகிறது. கற்று வந்த தொழில் என்ன, அதற்கு இங்கே யாரிடம் வழி கேட்கலாம் என்று உடன் நடப்போர் எத்தனை பேர்? அவர்கள் அங்குக் கழித்த ஆண்டுகளை நாம் கணக்கில் கொள்கிறோமா? ஸஃதின் ஈகையையும் அப்துர் ரஹ்மானின் தன்மானத்தையும் நம் இல்லங்களுக்கு அல்லாஹ் ஒருங்கே அருள்வானாக.