சட்டம்சார் மனநல மருத்துவம்

சட்டமும் மனநல மருத்துவமும் சந்திக்கும் துறை. ஒருவரின் குற்றப்பொறுப்பு, விசாரணையை எதிர்கொள்ளும் தகுதி, உயில் எழுதும் திறன் ஆகியவற்றை மதிப்பிடுவதும், நோயாளியின் உரிமைகளைக் காப்பதும் இதன் பணிகள்.

குற்றப்பொறுப்பு: மனநோயால் தன் செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாதவர் செய்தது குற்றமாகாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாக உள்ளது. நோய் உண்டு என்ற மருத்துவச் சான்று மட்டும் போதாது. செயல் நிகழ்ந்த வேளையில் அறியும் திறன் இல்லை என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில்: 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். இது குறித்த விசாரணை மாநிலக் காவல்துறையின் சிபிசிஐடி பிரிவுக்கு மாற்றப்பட்டது.

சட்டம்: மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மாறாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகக் கொள்ளப்படுவார். அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளிப்பது அரசின் கடமை.