பேரிடர் மீட்புப் பயிற்சிக்கு விடுப்பு: தன்னார்வலர்களின் வேலைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

வெள்ளம், நிலச்சரிவு, நிலநடுக்கம் போன்ற பேரிடர்களின்போது முதலில் உதவிக்கு வருவோர் அந்தந்தப் பகுதி மக்களே. 16 படைப்பிரிவுகளைக் கொண்ட தேசிய பேரிடர் மீட்புப் படை விரைந்து வந்தாலும், அதற்கு முந்தைய சில மணி நேரமே பல உயிர்களின் கதியைத் தீர்மானிக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பவே பொதுமக்களிலிருந்து தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்து அரசு பயிற்சி அளிக்கிறது. ஆனால், அப்பயிற்சிக்குச் செல்லும் தனியார் நிறுவன ஊழியரின் வேலைக்கும் ஊதியத்துக்கும் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 எந்த உத்தரவாதமும் அளிக்கவில்லை.

12 நாள் பயிற்சி

தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ஆம் ஆண்டு 'ஆப்த மித்ரா' திட்டத்தைத் தொடங்கியது. வெள்ள அபாயம் மிகுந்த 30 மாவட்டங்களில், மாவட்டத்துக்கு 200 பேர் வீதம் 6,000 பேருக்குப் பயிற்சி அளிப்பது அதன் முதல்கட்ட நோக்கம். பின்னர் ரூ.369.41 கோடி மதிப்பில் 350 மாவட்டங்களில் 1 லட்சம் தன்னார்வலர்கள் என்ற அளவுக்குத் திட்டம் விரிவாக்கப்பட்டது. தேடுதல், மீட்பு, முதலுதவி ஆகியவற்றை உள்ளடக்கிய 12 நாள் பயிற்சியுடன், சான்றிதழ், அவசரகால உபகரணப் பை, காப்பீடு ஆகியவையும் வழங்கப்படுகின்றன. பணியிடத்தில் விடுப்பு பெறுவது மட்டும் தன்னார்வலரின் சொந்தப் பொறுப்பாகவே உள்ளது.

யாருக்கு எளிது, யாருக்குக் கடினம்?

மத்திய அரசு ஊழியர்களுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு என்ற வழி உள்ளது. ரத்த தானம் போன்ற குறிப்பிட்ட பொதுநலப் பணிகளுக்கு, வழக்கமான விடுப்புக் கணக்கில் கழிக்காமல் இது வழங்கப்படுகிறது. தனியார் ஊழியர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த விடுப்பையே பயன்படுத்த வேண்டியுள்ளது. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு 20 நாள் பணிக்கு 1 நாள் வீதம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு சேர்கிறது. அந்தக் கணக்கின்படி, 12 நாள் பயிற்சிக்குச் செல்பவர் 240 நாள் உழைத்து ஈட்டிய விடுப்பைச் செலவிட நேரிடும். தினக்கூலித் தொழிலாளிக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. அவருக்கு அது 12 நாள் வருமான இழப்பு.

கடமையை மட்டும் விதிக்கும் சட்டமும் உண்டு. குடிமைப் பாதுகாப்புச் சட்டம், 1968-இன்படி, பணிக்கு அழைக்கப்பட்டும் தக்க காரணமின்றி வராத உறுப்பினருக்கு அபராதம் விதிக்கலாம். 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குடிமைப் பாதுகாப்புப் பணிகளில் பேரிடர் மேலாண்மையும் சேர்க்கப்பட்டுள்ளது.

பிராந்திய ராணுவம்: ஒரு முன்னுதாரணம்

வேறு பணியில் இருந்துகொண்டே நாட்டுக்குச் சேவை செய்வோருக்கு வேலைப் பாதுகாப்பு அளிப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. பிராந்திய ராணுவச் சட்டம், 1948-இன் 7ஏ பிரிவின்படி, ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டுத் திரும்புபவரை, முன்பைவிடக் குறைவற்ற நிபந்தனைகளுடன் மீண்டும் வேலையில் அமர்த்துவது முதலாளியின் கடமை. இதில் தகராறு எழுந்தால், மீண்டும் வேலை வழங்கவோ, அதிகபட்சமாக 6 மாத ஊதியத்துக்கு இணையான இழப்பீடு வழங்கவோ உரிய அதிகாரி உத்தரவிடலாம். இக்கடமையிலிருந்து தப்பிக்கும் நோக்கில் ஊழியரை முன்கூட்டியே பணிநீக்கம் செய்வதையும் சட்டம் ஏற்பதில்லை.

ஒரு பொதுக் கடமைக்காகத் தனியார் முதலாளியும் ஊதியத்துடன் விடுப்பு அளிக்க வேண்டும் என்ற கொள்கையும் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்குப்பதிவு நாளில் தினக்கூலி ஊழியர் உள்பட அனைவருக்கும் ஊதியப் பிடித்தமின்றி விடுமுறை வழங்க வகை செய்கிறது. பணிக்கு வராததால் ஆபத்தோ பெரும் இழப்போ நேரக்கூடிய பணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

செலவை யார் ஏற்பது?

நான்கைந்து பேர் மட்டுமே பணியாற்றும் சிறு பட்டறையில் ஒருவர் 12 நாள் இல்லாவிட்டால் உற்பத்தி பாதிக்கப்படும். எனவே, விடுப்பின் சுமை முழுவதையும் முதலாளி மீது சுமத்துவதும் சரியாகாது. இதற்கு ஜெர்மனி ஒரு வழியைக் கண்டுள்ளது. அந்நாட்டின் அரசு நிவாரண அமைப்பான 'டி.எச்.டபிள்யூ.' பெரும்பாலும் தன்னார்வலர்களைக் கொண்டே இயங்குகிறது. மீட்புப் பணிக்கு மட்டுமன்றி, பணி நேரத்தில் நடைபெறும் பயிற்சிக்கும் அவர்களுக்கு ஊதியத்துடன் விடுப்பு தர அங்குள்ள சட்டம் வகை செய்கிறது. நிர்ணயிக்கப்பட்ட நேர அளவுக்கு மேல் பணி இழப்பு ஏற்பட்டால், தனியார் முதலாளி விண்ணப்பித்து அந்த ஊதியத் தொகையை அரசிடமிருந்து திரும்பப் பெறலாம்.

இந்தியாவில் அடுத்தகட்டமாக, ரூ.470.50 கோடி மதிப்பிலான 'யுவ ஆப்த மித்ரா' திட்டத்தின்கீழ் தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம் உள்ளிட்ட அமைப்புகளைச் சேர்ந்த சுமார் 2.37 லட்சம் இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. மாணவர்களுக்கு விடுப்பு பெரிய தடையல்ல. ஆனால், படிப்பு முடிந்து வேலைக்குச் சென்ற பிறகு, கற்றதை மறவாதிருக்க அவர்களுக்கு மீள்பயிற்சி தேவைப்படும். அப்போது விடுப்பு கேட்கும் உரிமை இல்லையெனில், இன்று பயிற்சி பெறும் இளைஞர்களில் எத்தனை பேர் நாளைய வெள்ளத்தின்போது ஆயத்தமாக இருப்பார்கள் என்பது அவரவர் முதலாளியின் மனத்தைப் பொறுத்ததாகிவிடும்.