தி வெட்டிங் பேங்க்வெட்

தி வெட்டிங் பேங்க்வெட், ஆங் லீ இயக்கி 1993-இல் வெளிவந்த தைவானிய-அமெரிக்கக் காதல் நகைச்சுவைத் திரைப்படம். நியூயார்க்கில் தன் காதலனோடு குடும்பம் நடத்தும் தைவானிய இளைஞன் ஒருவன், ஊரிலிருக்கும் பெற்றோரின் கல்யாண நச்சரிப்பிலிருந்து தப்ப, தன் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் ஷாங்காய்ப் பெண்ணை ஒப்புக்கு மணந்துகொள்கிறான். பெற்றோர் விமானம் ஏறி வந்துவிட, அந்த ஒப்புக் கல்யாணம் ஊரறிந்த கல்யாணமாகிவிடுகிறது. படத்தின் பாத்திரங்கள் மாண்டரின் சீனத்திலும் ஆங்கிலத்திலும் பேசுகிறார்கள். யாருக்கு எந்த மொழி புரியும், யாருக்குப் புரியாது என்பதே கதையின் முக்கியமான முடிச்சு.

இருவர் காதலர்களாக நடிக்க ஒப்பந்தம் செய்துகொள்ளும் கதைகளில், நடிப்பு மெல்ல மெல்ல நிஜக் காதலாக மாறும். குணத்தில் எதிரெதிராக இருப்பவர்கள் ஒன்றுசேர்வார்கள். பொய் வெளிப்பட்டுச் சண்டை வந்து, பிறகு சமாதானம் ஆகும். இந்தப் படம் அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போகிறது. ஒப்புக்கு மணந்த இருவரும் கடைசி வரை காதலர் ஆவதில்லை. நிஜக் காதலர்கள் வேறு இருவர், இருவரும் ஆண்கள். பொய் வெளிப்படவும் செய்கிறது. ஆனால் உண்மை தெரிந்த ஒவ்வொருவரும் அதை இன்னொருவரிடமிருந்து மறைப்பதால் அந்தப் பொய் குலையாமல் நிற்கிறது. படத்தின் சிரிப்பும் துயரமும் அங்கிருந்தே பிறக்கின்றன.

கதை

காவ் வைதுங் கட்டடங்கள் வாங்கி வாடகைக்கு விடும் தொழில் செய்பவன், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கிக்கொண்டே, தைவானிலிருந்து அம்மா ஒலிநாடாவில் பதிந்து அனுப்பிய 'கடிதத்தை' அவன் கேட்கும் காட்சியோடு படம் தொடங்குகிறது. கல்யாணப் பேச்சு இல்லாத நாடாவே வருவதில்லை. ஒருமுறை பெற்றோர் பெண் பார்க்கும் நிறுவனம் ஒன்றின் படிவத்தை அனுப்பிவைக்கிறார்கள். வைதுங்கும் அவன் காதலன் சைமனும் அதில் யாராலும் நிறைவேற்ற முடியாத நிபந்தனைகளாக எழுதித் தள்ளுகிறார்கள்: பெண் இசை நாடகப் பாடகியாக இருக்க வேண்டும், நல்ல உயரம் வேண்டும், முனைவர் பட்டம் ஒன்று போதாது, பல மொழி தெரிந்திருக்க வேண்டும். அநேகமாக அத்தனையும் பொருந்திய ஒரு பெண்ணையும் தைவானில் கண்டுபிடித்து அனுப்பிவிடுகிறார்கள். அவளுக்கும் வீட்டுக்குச் சொல்லாத காதல் ஒன்று இருக்கிறது.

வேய்வேய் சீனாவிலிருந்து வந்த ஓவியர். வெக்கை தாங்காத மாடியில் குடியிருக்கிறாள். வாடகை கொடுக்கப் பணமில்லாமல் ஓவியத்தைக் கொடுக்கிறாள். அமெரிக்காவில் தங்க அவளுக்கு கிரீன் கார்டு வேண்டும். அவளை வைதுங் மணந்துகொண்டால் அவளுக்குக் குடியேற்ற உரிமை, வைதுங்குக்கு வரிச் சலுகை, பெற்றோருக்கு நிம்மதி என்று கணக்குப் போட்டுச் சொல்பவன் சைமன்தான். பின்னால் அதிகம் இழப்பவனும் அவனே.

பெற்றோர் கல்யாணச் செலவுக்கு 30,000 டாலரோடு வந்து இறங்குகிறார்கள். வீட்டிலிருந்து காதலர்களின் படங்கள் இறக்கப்பட்டு, அப்பா கைப்பட எழுதிய சீன எழுத்தோவியங்கள் சுவரில் ஏறுகின்றன. சைமன் 'வீட்டுக்காரர்' ஆகிறான். சமையல் அவனுடையது, பாராட்டு வேய்வேய்க்கு. நகர மன்றத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் பதிவுத் திருமணத்தில் மணமகள் ஆங்கில உறுதிமொழியைத் தப்பும் தவறுமாகச் சொல்கிறாள். இதுவா கல்யாணம் என்று அம்மா அழுகிறார். அன்றிரவு சாப்பிடப் போன உணவகத்தின் முதலாளி, ராணுவத்தில் அப்பாவுக்குக் கீழே பணியாற்றிய பழைய சிப்பாய். தன் தளபதியின் மகனுக்கு விருந்தில்லாத கல்யாணமா என்று அவர் எடுத்துக்கொள்ளும் பொறுப்புதான் தலைப்பில் உள்ள விருந்து.

படத்தின் உயிர் இந்த விருந்துக் காட்சியில் இருக்கிறது. நெடுநேரம் ஓடும் இந்தக் காட்சியில் நூற்றுக்கணக்கான முகங்கள் கூடி, குடித்து, கத்தி, மணமக்களை முத்தமிடச் சொல்லி வற்புறுத்துகின்றன. ஒரு மேசையில் அமெரிக்க விருந்தினர் ஒருவர், சீனர்கள் சாதுக்கள் என்றல்லவா நினைத்தேன் என்கிறார். ஐயாயிரம் ஆண்டுகளாக அடக்கிவைத்த காமத்தின் விளைவு இது என்று பக்கத்து மேசைக்காரர் விளக்கம் சொல்கிறார். அந்த விளக்கம் சொல்பவராக ஒரு கணம் வந்துபோகிறவர் ஆங் லீயே. முதலிரவு அறைக்குள்ளும் கூட்டம் புகுந்துவிடுகிறது. மணமக்கள் போர்வைக்குள் இருந்தபடி உடைகளைக் களைந்து ஒவ்வொன்றாக வெளியே எறிந்தால்தான் போவோம் என்று நண்பர்கள் அடம்பிடிக்கிறார்கள். அவர்கள் போன பிறகு, போதையில் இருக்கும் வைதுங்கை வேய்வேய் நெருங்குகிறாள். அவள் கருவுறுகிறாள்.

அதன் பின் நகைச்சுவையின் நிறம் மாறுகிறது. கரு உண்டான செய்தி தெரிந்து சைமன் காலை உணவு மேசையில் வெடிக்கிறான். பெற்றோருக்குப் புரியாது என்ற நம்பிக்கையில் மூவரும் ஆங்கிலத்தில் சண்டையிடுகிறார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வருகிறது. மருத்துவமனையில் வைதுங் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். அப்பாவிடம் சொல்லாதே, அவர் தாங்கமாட்டார் என்கிறார் அம்மா. ஆனால் அப்பாவுக்கு ஆங்கிலம் புரியும். எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தவர் அவர். ஒருநாள் சைமனைத் தனியே வைத்து, பிறந்தநாள் வாழ்த்தோடு பணம் வைத்த சிவப்பு உறையைக் கொடுக்கிறார். மாமனார் மாமியார் மருமகளுக்குக் கொடுக்கும் மரியாதை அது. அவனும் தனக்கு மகன்தான் என்கிறார். மனைவியிடமும் மகனிடமும் இதைச் சொல்லக்கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொள்கிறார். எல்லாரும் தன்னிடம் பொய் சொல்ல விட்டுவைத்ததால்தான் தனக்குப் பேரப்பிள்ளை கிடைக்கப்போகிறது என்பது அவர் கணக்கு.

கருவைக் கலைக்கப் புறப்பட்ட வேய்வேய் வழியில் மனம் மாறுகிறாள். குழந்தைக்கு இன்னொரு தந்தையாக இருக்கும்படி சைமனைக் கேட்கிறாள். பெற்றோர் விடைபெறும் விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனைக்காக அப்பா இரு கைகளையும் மேலே தூக்குகிறார். சரணடையும் போர்வீரரின் தோற்றமும் அதில் இருக்கிறது, ஆசி வழங்கும் பெரியவரின் தோற்றமும் இருக்கிறது.

உருவான விதம்

1954-இல் தைவானில் பிறந்த ஆங் லீ, அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். படிப்பு முடிந்தும் படவாய்ப்பு இல்லாமல் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வீட்டில் இருந்தார். நுண்ணுயிரியல் ஆய்வாளரான மனைவி ஜேன் லின்னின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. 1990-இல் தைவான் அரசின் செய்தித் துறை நடத்திய திரைக்கதைப் போட்டிக்கு இரண்டு கதைகளை அனுப்பினார். முதல் பரிசு 'புஷிங் ஹேண்ட்ஸ்' கதைக்குக் கிடைத்தது, இரண்டாம் பரிசு இந்தக் கதைக்கு. அன்றைய ஆளுங்கட்சியான குவோமிந்தாங்கைச் சேர்ந்த சென்ட்ரல் மோஷன் பிக்சர் நிறுவனம் படத்துக்குப் பணம் போட்டது. ஆணை நேசிக்கும் ஆணைக் கதாநாயகனாக வைத்த படத்துக்கு அப்படியொரு இடத்திலிருந்து முதலீடு வந்தது சாதாரணச் செய்தியல்ல. நியூயார்க் தரப்பில் டெட் ஹோப், ஜேம்ஸ் ஷேமஸ் இருவரின் குட் மெஷின் நிறுவனம் தயாரிப்பில் இணைந்தது. திரைக்கதையை ஆங் லீ, நீல் பெங், ஷேமஸ் மூவரும் எழுதினார்கள்.

'புஷிங் ஹேண்ட்ஸ்' (1991), இந்தப் படம், 'ஈட் டிரிங்க் மேன் வுமன்' (1994) ஆகிய மூன்றும் வயதான தந்தையை மையத்தில் வைத்தவை. மூன்றிலும் தந்தையாக நடித்தவர் லுங் சிஹுங். இவருடைய முகம் இல்லாவிட்டால் இந்தப் படம் வெறும் ஆள்மாறாட்டக் கூத்தாக முடிந்திருக்கும். நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருக்கும் கிழவர் தூங்குகிறாரா, கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று பார்வையாளரால் கடைசி வரை தீர்மானிக்க முடியாதபடி நடித்திருக்கிறார். அம்மாவாக குவா ஆலே நடித்தார்.

வைதுங்காக வந்த வின்ஸ்டன் சாவோ அதற்கு முன் விமானப் பணியாளர். இதுவே அவருடைய முதல் படம். தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு அவர் வேறு முகம்: பா. ரஞ்சித்தின் 'கபாலி'யில் (2016) ரஜினிகாந்தை எதிர்த்து நிற்கும் டோனி லீ அவர்தான். அந்தக் கோட்டு சூட்டு வில்லனை மட்டும் அறிந்தவர்கள், இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய இந்தத் தவிக்கும் மகனைப் பார்க்க வேண்டும். வேய்வேயாக நடித்த பாடகி மே சின், தைவானின் அதயால் பழங்குடி மரபில் வந்தவர். பின்னாளில் அரசியலுக்குப் போய்த் தைவான் சட்டமன்றத்தில் பழங்குடியினரின் உறுப்பினரானார். சைமனாக நடித்த மிட்செல் லிக்டென்ஸ்டீன், ஓவியர் ராய் லிக்டென்ஸ்டீனின் மகன்.

யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள்

இந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்கான விலையை எல்லாரும் சமமாகக் கொடுக்கவில்லை. வைதுங்குக்குக் காதலனும் நிலைக்கிறான், வாரிசும் கிடைக்கிறது. அப்பாவுக்குக் குலம் தழைக்கிறது. சைமன் சொந்த வீட்டில் அந்நியனாக இருந்து, சமைத்து, பரிமாறி, ஒரு ரகசியத்தையும் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியவனாகிறான். வேய்வேயின் ஓவிய வாழ்க்கை கதையிலிருந்து நழுவியே போய்விடுகிறது. தன்பாலீர்ப்பாளரின் கதை என்று தொடங்கி, கடைசியில் ஆண்வழிக் குடும்பத்தை மீட்டுக் கொடுப்பதாகவே படம் முடிகிறது என்று விமர்சகர்கள் குறை கூறியதுண்டு. முதலிரவுக் காட்சியில் போதையிலிருக்கும் வைதுங்கின் சம்மதம் என்னவென்று படம் கேட்டுக்கொள்ளாததும் உறுத்துகிறது. குறை நியாயமானதுதான். ஆனாலும் படம் அந்த விலையை ஒளிக்கவில்லை. விருந்தில் எல்லா முகமும் சிவந்து சிரிக்கும்போது, மாப்பிள்ளைத் தோழன் இருக்கையில் அமர்ந்திருக்கும் சைமனின் முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

முரண்களின் அடுக்கு இன்னொன்றும் உண்டு. வைதுங் தைவான்காரன், சொத்துள்ளவன், ஒழுங்கு விரும்பி. வேய்வேய் மக்கள் சீனத்தவள், கையில் காசில்லாதவள், மனம்போனபடி வாழ்கிறவள். தந்தையோ, பெற்றோர் பேசி முடித்த கல்யாணத்திலிருந்து தப்பி ராணுவத்தில் சேர்ந்து, 1949-இல் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தீவுக்கு வந்த தலைமுறை. தைவானில் ராணுவச் சட்டம் 1987-இல்தான் நீங்கியது. அதே ஆண்டில்தான் சீனப் பெருநிலத்தில் உள்ள உறவினரைப் பார்க்கப் போகும் அனுமதியும் கிடைத்தது. ஆறே ஆண்டுகள் கழித்து, தைவான் வீட்டுக்காரனுக்கும் ஷாங்காய் வாடகைக்காரிக்கும் மூன்றாவது நாட்டில் ஒப்புக் கல்யாணம் நடத்தி வைக்கிறது படம். வெளிப்படையான அரசியல் பேச்சு இல்லாமலே அன்றைய பார்வையாளருக்கு அது புரிந்திருக்கும்.

சட்டச் சூழல்

கதையின் முடிச்சு சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கா 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் வழியேதான் தன்பாலீர்ப்பாளர் நாட்டுக்குள் வரத் தடைபோட்ட பழைய விதியைக் கைவிட்டது. கிரீன் கார்டுக்காகப் போலித் திருமணம் செய்வது 1986 முதல் ஐந்தாண்டு வரை சிறையும் 250,000 டாலர் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். அன்று வைதுங் அறிமுகமே இல்லாத ஒரு பெண்ணுக்கு மனைவி என்ற பெயரில் உரிமை வாங்கித் தர முடியும். சைமன் வெளிநாட்டவனாக இருந்திருந்தால், எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் அவனுக்கு வாங்கித் தந்திருக்க முடியாது. 2013 ஜூன் மாத அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே ஒருபால் துணைவருக்குக் குடியேற்ற உரிமை கிடைத்தது. 2015-இல் நாடெங்கும் ஒருபால் திருமணம் செல்லுபடியானது. தைவானில் 2017 மே 24 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் வழிகாட்ட, சரியாக ஈராண்டு கழித்து, 2019 மே 24 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கிய முதல் ஆசிய நாடு அது.

வரவேற்பு

1993 பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதைச் சீன இயக்குநர் சியே ஃபேயின் படத்தோடு பகிர்ந்துகொண்டது. அவ்வாண்டின் தைவான் தங்கக் குதிரை விருதுகளில் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, துணை நடிகர், துணை நடிகை ஆகியவற்றை வென்றது. அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் தைவான் படமும் இதுவே. அந்த ஆண்டுப் பட்டியலில் ஹாங்காங்கின் 'ஃபேர்வெல் மை கான்குபைன்', வியட்நாமின் 'தி சென்ட் ஆஃப் கிரீன் பப்பாயா' ஆகியவையும் இருந்தன. விருது ஸ்பெயினின் 'பெல் எபோக்' படத்துக்குப் போனது. சுமார் 10 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 2 கோடியே 36 லட்சம் டாலர் வசூலித்தது. போட்ட பணத்துக்கு ஈட்டிய விகிதத்தில் அவ்வாண்டின் 'ஜுராசிக் பார்க்'கையும் முந்தியது.

ஆங் லீ பின்னர் 'புரோக்பேக் மவுன்டன்' (2005) படத்துக்கும், புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' (2012) படத்துக்கும் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பெற்றார். 'புரோக்பேக் மவுன்டன்' படத்தின் ஆண் காதலர்களுக்கு வைதுங்கின் வீடு வாய்க்கவில்லை. அவர்கள் செய்துகொண்ட கல்யாணங்களில் சிரிக்க எதுவும் இல்லை.

மறு ஆக்கம்

2025-இல் ஆண்ட்ரூ ஆன் இயக்கத்தில் அதே தலைப்பில் புதிய படம் வந்தது. திரைக்கதையில் ஷேமஸ் மீண்டும் பங்கேற்றார். களம் சியாட்டில். ஆண் இணை ஒன்று, பெண் இணை ஒன்று என நால்வர். கொரியப் பெருஞ்செல்வக் குடும்பத்து இளைஞன் மின், விசா முடியப்போகும் நிலையில், தோழி ஏஞ்சலாவை மணக்க முன்வருகிறான். பதிலுக்கு ஏஞ்சலாவும் அவள் துணைவி லீயும் செய்துகொள்ளும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் செலவை அவன் ஏற்பான். கொரியாவிலிருந்து பாட்டி வந்து இறங்க, நாடகம் தொடங்குகிறது. போவென் யாங், லில்லி கிளாட்ஸ்டோன், கெல்லி மேரி டிரான், ஹான் கி-சான், ஜோன் சென், யூன் யோ-ஜங் நடித்தனர். சட்டம் மாறிவிட்ட காலத்தில் பொய்க்கு என்ன தேவை என்ற கேள்விக்குப் புதிய படம் தெளிவான பதில் வைத்திருக்கிறது: மின்னின் காதலன் கிறிஸ் நிஜக் கல்யாணத்துக்கே அஞ்சுகிறான். மின்னின் தாத்தாவோ உண்மை தெரிந்தால் பணத்தை நிறுத்திவிடுவார். பழைய படத்தில் வாயைத் திறக்காத தந்தையின் இடத்தில் இங்கே பாட்டி இருக்கிறார். அவரை ஏமாற்ற முடிவதில்லை, வந்த வேகத்திலேயே உண்மையைக் கண்டுகொள்கிறார்.